பழைய பிரதிகளோடு சேர்த்து ஒரு ஜாங்கோ திட்டத்தைக் கிட்டுக்கு மாற்றும் முறை

பைத்தான் மொழியில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ சட்டகத்தில் பல மாதங்களாக எழுதிவரும் ஓர் இணையதளம் உங்கள் கணினியில் இருக்கிறது என்றும், அதன் அருகிலேயே 'கடை-பழையது', 'கடை-மார்ச்', 'கடை-இறுதி' என்று பிரதிக் கோப்புறைகள் சேர்ந்திருக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். நிரலில் செய்யும் மாற்றங்களை வரலாறாகப் பதிந்து வைக்கும் மென்பொருளான கிட்டுக்கு மாறும்போது பலர் கடைசிப் பிரதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். அந்தப் பிரதிகளைக் கொண்டு திட்டத்தின் வரலாற்றையே கிட்டில் பதிவு செய்துவிட முடியும்.

கிட்டை நிறுவி, 'கிட் கான்ஃபிக்' கட்டளையால் உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் பதிந்துகொள்ளுங்கள். பிறகு புதிய வெற்றுக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, டெர்மினலில் அதற்குள் சென்று 'கிட் இனிட்' கட்டளையை இயக்குங்கள். புள்ளியில் தொடங்கும் 'கிட்' என்ற மறைவுக் கோப்புறை ஒன்று அங்கே உருவாகும். வரலாறு முழுவதும் அதற்குள்தான் இருக்கும்.

நிரலை நகலெடுப்பதற்கு முன்பே, கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றைப் பட்டியலிடும் 'கிட்இக்னோர்' கோப்பை எழுதிவிட வேண்டும். இதன் பெயரும் புள்ளியில்தான் தொடங்கும். ஒருமுறை கமிட்டான, அதாவது வரலாற்றில் பதிவான கோப்பைப் பின்னர் இந்தப் பட்டியலில் சேர்த்தாலும் கிட் அதைத் தொடர்ந்து கண்காணிக்கும் என்பதால், இந்த வரிசை முக்கியம். திட்டத்துக்கான பைத்தான் தொகுப்புகள் இருக்கும் விர்ச்சுவல் என்விரான்மென்ட் கோப்புறை, பைத்தான் தானாக உருவாக்கும் பைக்கேஷ் கோப்புறைகள், எஸ்க்யூலைட் டேட்டாபேஸ், பயனர்கள் பதிவேற்றிய படங்கள், கடவுச்சொற்கள் உள்ள 'என்வ்' கோப்பு ஆகியவை இதில் இடம்பெற வேண்டும். டேட்டாபேஸ் அமைப்பின் மாற்றங்களைக் குறித்து வைக்கும் மைக்ரேஷன் கோப்புகளை ஜாங்கோவே உருவாக்குகிறது என்றாலும் அவற்றை விலக்கக் கூடாது. மற்றொரு கணினியில் டேட்டாபேஸை அதே வரிசையில் கட்டியெழுப்ப அவை தேவை.

இனி, மிகப் பழைய பிரதியின் கோப்புகளை இந்தக் கோப்புறைக்குள் நகலெடுத்து, 'கிட் ஆட்' கட்டளையோடு ஒரு புள்ளியிட்டு இயக்குங்கள். 'கிட் ஸ்டேட்டஸ்' காட்டும் பட்டியலைப் பொறுமையாகப் படித்துப் பார்த்த பிறகே கமிட் செய்யுங்கள். அப்போது 'டேட்' என்ற தெரிவில், அந்தப் பிரதியின் கோப்புகள் கடைசியாகத் திருத்தப்பட்ட நாளைக் கொடுத்தால், கமிட்டுகளைக் காட்டும் 'கிட் லாக்' பட்டியலில் அந்த நாளே தெரியும். அடுத்த பிரதியை நகலெடுப்பதற்கு முன், மறைவான 'கிட்' கோப்புறையையும் 'கிட்இக்னோர்' கோப்பையும் தவிர மற்ற அனைத்தையும் நீக்கிவிடுங்கள்; இல்லையென்றால், இடைக்காலத்தில் நீங்கள் கைவிட்ட கோப்புகள் புதிய கமிட்டிலும் தங்கிவிடும். எல்லாப் பிரதிகளுக்கும் இதையே செய்யுங்கள்.

பழைய பிரதிகளின் 'செட்டிங்ஸ்' கோப்பில் ஜாங்கோவின் ரகசியத் திறவுச்சொல்லான சீக்ரெட் கீயும் டேட்டாபேஸ் கடவுச்சொல்லும் நேரடியாக எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பிந்தைய கமிட்டில் அவற்றை நீக்கினாலும் முந்தைய கமிட்டில் அப்படியே இருக்கும். ஆகவே நகலெடுக்கும்போதே ஒவ்வொரு பிரதியிலிருந்தும் அவற்றை அகற்றுவதோடு, இப்போது புழக்கத்தில் உள்ள கீயையும் கடவுச்சொல்லையும் மாற்றிவிடும்படி வற்புறுத்திச் சொல்வேன்.

கிட் திட்டங்களை இணையத்தில் வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பில் புதிய களஞ்சியம் தொடங்கும்போது 'ரீட்மீ' கோப்பைச் சேர்க்காமல் வெறுமையாக விடுங்கள். சேர்த்தால் இரண்டு வரலாறுகளும் ஒட்டாமல், உங்கள் கமிட்டுகளை அங்கே அனுப்பும் புஷ் மறுக்கப்படும். 2021 ஆகஸ்ட் முதல் கிட்ஹப் புஷ் செய்வதற்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை என்பதால், அதற்குப் பதிலாக உங்களை அடையாளம் காட்டும் டோக்கனோ எஸ்எஸ்எச் கீயோ வேண்டும். 100 எம்பியைத் தாண்டும் கோப்புகளையும் அது ஏற்காது.

புஷ் முடிந்ததும், வேறொரு கோப்புறையில் 'கிட் குளோன்' கட்டளையால் களஞ்சியத்தின் நகலை இறக்கி, தேவையான தொகுப்புகளை நிறுவி, தளத்தை இயக்கிப் பாருங்கள். கிட் வெற்றுக் கோப்புறைகளைப் பதிவு செய்வதில்லை; ஆகவே ஏதேனும் கோப்புறை காணவில்லை என்ற பிழை வந்தால், மூலத்தில் அதற்குள் ஒரு வெற்றுக் கோப்பை வைத்துக் கமிட் செய்யுங்கள். தளம் சரியாக ஓடிய பிறகே பழைய பிரதிகளை நீக்கலாம். அதற்கு முன் டேட்டாபேஸையும் பதிவேற்றிய படங்களையும் தனியே காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அவை கிட்டுக்குள் வரவில்லை.