வெளிநாட்டில் திருமணமா? முதலில் இந்தச் சான்றிதழ்

வெளிநாட்டில் கல்யாணம் என்றால், மண்டபம் பார்க்கும் முன் திருமணத் தடையின்மைச் சான்றிதழ் பற்றி விசாரித்துவிடுங்கள். நீங்கள் மணமாகாதவர், திருமணத்துக்குச் சட்டத்தடை இல்லை என்று உங்கள் நாடு தரும் சான்று இது. பல நாடுகள் இது இல்லாமல் பதிவே செய்வதில்லை. ரொம்ப முன்னாடியே வாங்கி வைக்கவும் வேண்டாம். பல இடங்களில் சில மாதங்கள்தான் செல்லும்.

இரண்டு நாடுகளும் வெளிநாட்டு ஆவணங்களை ஏற்பது பற்றிய 1961 ஹேக் உடன்படிக்கையில் இருந்தால், ஆவணங்களுக்கு அப்போஸ்டில் (ஆவணத்தின் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று அதை வழங்கிய நாடு தரும் சான்று) போதும். இல்லையென்றால் தூதரகச் சான்றொப்பம். மொழிபெயர்ப்பும் அங்கீகாரம் பெற்றவர் செய்ததாக இருக்க வேண்டும். விவாகரத்து ஆனவர்களுக்கு இறுதித் தீர்ப்பின் நகலும் தேவை.

அப்புறம், காத்திருப்புக் காலம். இங்கிலாந்தில் பதிவு அலுவலகத்தில் திருமண முன்னறிவிப்புக் கொடுத்தபின் குறைந்தது 28 நாள் கழிய வேண்டும். கல்யாணத் தேதியை அதற்குப் பிறகு வையுங்கள்.