அப்பாவின் காதுக்கு உங்கள் கார்ட் செல்லாது: பெற்றோரோடு ஒன்ராறியோ வருபவர்களுக்கு

கல்லடிக்குத் திரும்பி வந்த பிறகு, கனடாவுக்குப் பெட்டி கட்டுகிற குடும்பங்கள் என்னிடம் வந்து கேட்பது எல்லாம் ஒரே மாதிரித்தான். எத்தனை கிலோ கொண்டுபோகலாம், ஜக்கெட்டை இங்கே வாங்குவதா அங்கேயா, கருவாட்டை எயார்போர்ட்டில் பிடிப்பார்களா. ஸ்காபுறோவில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் பதில் சொல்லிவிடுவேன். ஆனால் கூட வந்த பெரியவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து, "என்னகா, என்ன சொல்றார்?" என்று மருமகளைக் கேட்பதைக் கண்டால் கருவாட்டை அப்படியே விட்டுவிட்டுக் காப்புறுதியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். ஏன் என்பது திருக்கோவில் மாமாவின் கதையில் விளங்கும், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் விசாவைப் பாருங்கள். பிள்ளைகளோடு நீண்ட காலம் தங்கிவர எடுக்கிற சுப்பர் விசாவில் போகிறவர்களுக்கு ஒஹிப், அதாவது ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி, கிடையாது. குறைந்தது ஒரு இலட்சம் கனேடிய டொலருக்கு, ஒரு வருடத்துக்கு, மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு இலட்சம் என்றதும் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும் என்று நினைக்கிறோம். அது திடீர் வருத்தத்துக்கும் விபத்துக்கும் உரியது. வயதோடு மெல்ல மெல்லக் குறைகிற காதுக்கும், காதில் போடுகிற மெஷினுக்கும் அதில் பணம் எதிர்பார்க்க வேண்டாம். ஒன்றைமட்டும் பிரித்துப் பாருங்கள்: நேற்றிரவு நன்றாகக் கேட்ட காது காலையில் எழும்பும்போது ஒரு பக்கம் கேட்கவில்லை என்றால் அது அவசரம். குரும்பியாக்கும், நல்லெண்ணெய் விடுவோம் என்று இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தாமதித்தால் திரும்பாமலே போகலாம். அப்போது அந்தப் பொலிசியின் நம்பரையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பொன்சரில் நிரந்தர வதிவிடத்தோடு போகிறவர்களுக்கு நிலைமை வேறு. முன்பெல்லாம் ஒஹிப்புக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2020இல் அதை எடுத்துவிட்டார்கள். ஒஹிப் கார்ட் வந்ததும் குடும்ப வைத்தியர், காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்ற பார்வை, பிறகு கேட்டல் பரிசோதனை. மெஷினுக்கு ஒஹிப் பணம் தராது. அதற்கு ஒன்ராறியோ அரசின் உதவிச் சாதனத் திட்டம் இருக்கிறது. எல்லோரும் ஏ.டி.பி. என்பார்கள். விலையில் 75 வீதம், ஆனால் ஒரு காதுக்கு 500 டொலருக்கு மேல் இல்லை. இரண்டு காதுக்கும் சேர்த்து 1,000. பொதுவாக ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. வருமானம் பார்ப்பதில்லை. பற்றரியும் திருத்த வேலையும் உங்கள் செலவு. லண்டனில் இருப்பவர்கள் இதை வாசித்துச் சிரிப்பார்கள், அங்கே என்.எச்.எஸ். மெஷினையும் பற்றரியையும் சும்மா கொடுக்கிறது. சிரிக்கட்டும்.

இனி மாமா. அக்கரைப்பற்றுப் பக்கம் அரிசி மில்லில் உழைத்து உழைத்தே காதைக் கொடுத்தவர். மில் சத்தம் முதலில் மெல்லிய, கூரான ஓசைகளைத்தான் தின்னும். அதனால் "சத்தம் கேக்குது மனே, பேச்சுத்தான் விளங்கல்ல" என்பார். வீட்டில் உள்ளவர்கள் இன்னும் பலமாகக் கத்துவார்கள். அது அவருக்கு இன்னும் விளங்காது. அவருடைய மகன், என் மச்சான், ஸ்பொன்சர் பண்ணி எடுத்தான். அவனுக்கு நல்ல கொம்பனி வேலை, பல், கண், காது எல்லாம் அடங்கிய பெனிபிட்ஸ். மோல் ஒன்றில் இருந்த காது கிளினிக்கில் அந்த வேலைத்தலக் காப்புறுதிக் கார்ட்டைக் காட்டினான். அவர்கள் பார்த்துவிட்டு, "இன்ஷூரன்ஸ் இருக்கிறது, பிரச்சினை இல்லை" என்றார்கள். இரண்டு காதுக்கும் சேர்த்து 4,000 டொலருக்கு மேல் கடனட்டையில் இழுத்தாயிற்று. மாமாவுக்கும் புழுகம்.

பில்லை அனுப்பினான். ஒரு சதமும் வரவில்லை. அந்தக் கார்ட்டில் அடங்குவது அவனும், மனைவியும், பிள்ளைகளும். தகப்பன் அதில் இல்லை. ஒரே வீட்டில் இருக்கலாம், அவன் உழைப்பில் சாப்பிடலாம், இருபது வருடத்துக்கு நான் பொறுப்பு என்று அரசாங்கத்துக்கே கையெழுத்து வைத்திருக்கலாம். காப்புறுதிக் கொம்பனிக்கு அதெல்லாம் கணக்கில்லை. அங்கே வேலைத்தலக் காப்புறுதிகளில் வழமையே இதுதான்.

மச்சானைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நம் பக்கத்தில் அரச உத்தியோகம் பார்க்கிற பிள்ளை கல்யாணம் முடிக்காமல் இருந்தால் அக்ரஹாரக் காப்புறுதியில் தாய் தகப்பனும் அடக்கம். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? கோபமெல்லாம் அந்தக் கிளினிக்காரர் மேல்தான். கார்ட்டில் யாருடைய பெயர் இருக்கிறது, கதிரையில் யாருடைய காது இருக்கிறது என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? விற்கிறவரைக்கும் "பிரச்சினை இல்லை", விற்ற பிறகு "உங்கள் கொம்பனியைக் கேளுங்கள்".

சரி, ஏ.டி.பி.யாவது வருமே என்று போனான். அதுவும் வரவில்லை. அந்தத் திட்டத்தில் பதிந்த விற்பனையாளரிடம்தான் வாங்க வேண்டும், படிவத்தில் கேட்டல் நிபுணரான ஒடியோலொஜிஸ்ட் கையெழுத்து வைத்த பிறகுதான் வாங்க வேண்டும். அந்தக் கடை பதிவிலேயே இல்லை. வாங்கிய பிறகு போய் நின்றால் கதவு பூட்டுத்தான். இணையத்தில் மலிவாக வருகிறது என்று எடுப்பவர்களுக்கும் இதே கதி.

ஆகவே கிளினிக்கில் காலை வைத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, "நீங்கள் ஏ.டி.பி.யில் பதிந்தவர்களா?" என்பது. இரண்டாவது வேலைத்தலத்துக்கு: "என் அப்பா என் காப்புறுதியில் அடக்கமா?" வாயால் கேட்டு வாயால் பதில் வாங்க வேண்டாம், ஈமெயிலில் கேளுங்கள். சில கொம்பனிகளில் ஹெல்த் ஸ்பெண்டிங் அக்கவுண்ட் என்று தனியாக ஒரு தொகை தருவார்கள். அதில் வருமான வரிச் சட்டப்படி உங்களில் தங்கியிருக்கும் தாய் தகப்பனின் செலவையும் காட்ட வழி இருக்கலாம். மச்சானுக்கு அது இருந்திருக்கவில்லை. ஆனால் வரிப் படிவத்தில் மருத்துவச் செலவாக மெஷினையும் பற்றரியையும் போட்டு ஏதோ கொஞ்சம் குறைத்தான். பில்களை எறியாதீர்கள்.

"அப்படியென்றால் அப்பாவின் பெயரிலேயே தனியாக ஒரு காப்புறுதி எடுப்போமா?" என்று ஆரையம்பதித் தம்பி ஒருவர் கேட்டார். எடுக்கலாம். எடுப்பதற்கு முன் கணக்குப் போடுங்கள். மாதம் 100 டொலர் என்று வைத்தால் ஐந்து வருடத்துக்கு 6,000. அந்தப் பொலிசி ஐந்து வருடத்தில் காதுக்கு 500 டொலர்தான் தருகிறது என்றால், மிச்சம் எதற்குக் கட்டுகிறீர்கள்? மருந்துக்கு என்றால், ஒஹிப் உள்ளவர்களுக்கு 65 வயதிலிருந்து ஒன்ராறியோவின் மருந்துத் திட்டம் இருக்கிறது. பல்லுக்கு என்றால் இன்னும் மோசம். குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் குறைவாக இருந்து, வரியும் தாக்கல் செய்தவர்களுக்குக் கனடா அரசின் பல் பராமரிப்புத் திட்டம் இருக்கிறது. தனியார் பல் காப்புறுதி உள்ளவர்களுக்கு அது கிடையாது. காதுக்கென்று வாங்குகிற பொதியில் பல்லும் ஒட்டிக்கொண்டு வந்தால், சும்மா கிடைக்க இருந்ததையும் காசு கொடுத்துக் கெடுத்த மாதிரி. அட்டவணையில் காது என்ற வரியைத் தேடி, எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை, சேர்ந்து எத்தனை மாதம் கழித்து என்ற மூன்றையும் பாருங்கள். முகவர் தமிழர் என்பதற்காக வாசிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். தமிழர் என்றால் இரண்டு தரம் வாசியுங்கள் என்பேன், மச்சான் கோபித்துக்கொள்வான், அவனும் முகவர்தான் இப்போது.

பரிசோதனை அறையில் இன்னொரு சங்கதி. பீப் சத்தத்துக்குக் கை தூக்குவது எவருக்கும் முடியும். பிறகு ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். ஆங்கிலம் தெரியாத மாமாவுக்கு அதில் கிடைத்த புள்ளியைப் பார்த்தால் காதே இல்லாதவர் என்று நினைக்க வேண்டும். அதைக் காட்டி ஆகவும் விலை கூடிய மெஷினைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கூடப் போங்கள், அவருக்கு அந்த மொழி தெரியாது என்று பரிசோதனைக்கு முன்பே சொல்லுங்கள், பீப் சத்தத்தின் வரைபடத்தை வைத்துப் பேசுங்கள்.

இங்கிருந்தே மெஷின் வாங்கிக்கொண்டு போகலாமா என்றால், சுப்பர் விசாவுக்கு நான் ஓம் என்பேன். மட்டக்களப்பிலோ கொழும்பிலோ வாங்கி, போட்டுப் பழகி, சரிசெய்து, அதன் பிறகு ஏறுங்கள். உத்தரவாதம் வெளிநாட்டில் செல்லுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்குள்ள கிளினிக்குகள் வேறு இடத்தில் வாங்கியதைத் தொடமாட்டோம் என்று சொல்லக்கூடும். ஸ்பொன்சரில் போகிறவர் பொறுத்திருந்து ஏ.டி.பி.யோடு அங்கே வாங்கட்டும். இரு பகுதியினரும் போதனா வைத்தியசாலைக் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் ஒரு பரிசோதனை செய்து அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். அங்கே எப்படியும் புதிதாக எடுப்பார்கள், ஆனால் பழையது இருந்தால் காது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அவர்களுக்குத் தெரியும். பற்றரியின் அளவு எங்கேயும் நிறத்தில்தான்: 312ஆம் அளவு என்றால் மண்ணிறம், 13 என்றால் செம்மஞ்சள். ஸ்டிக்கரை உரித்ததும் போடாமல் ஒரு நிமிடம் காற்றுப்பட வையுங்கள். உரித்த பிறகு பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் அது இறங்கத் தொடங்கிவிடும் என்பதால், பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், விழுங்கினால் அது வேறு ஆபத்து.