சிங்கப்பூரில் இலை சிவக்கும் நாட்கள்: சாங்கியும் உபினும் ஒரே காலையில்

சிங்கப்பூரில் இலையைச் சிவக்க வைப்பது குளிர் அல்ல, வறட்சி. வடகிழக்குப் பருவமழை டிசம்பர், ஜனவரியில் கொட்டித் தீர்த்தபின், பிப்ரவரி முதல் மார்ச் தொடக்கம் வரை வெயிலும் காற்றுமாக இருக்கும். அப்போது சில மரங்கள் இலையிலுள்ள சத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டு இலையைக் கழற்றிவிடும். பச்சையம் சிதைய, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் தெரியும். அந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி உருவாகும் மரங்களில் சிவப்பும் ஏறும். ஆகவே தேதி குறித்து வைத்துப் பயனில்லை. ஒரு வாரம், பத்து நாள் மழையே இல்லாமல் போய், புளோக்குக்குக் கீழே புல் பழுப்பேறினால் அந்த வார இறுதியிலேயே கிளம்புங்கள். இடையில் ஒரு பலத்த மழை அடித்தால் பழுத்த இலைகளில் பாதி தரைக்கு வந்துவிடும்.

பார்க்க வேண்டியவை இரண்டு மரங்கள். கடற்கரையில் கெத்தாபாங், அதாவது நாட்டு வாதுமை. கிளைகள் அடுக்கடுக்காகக் குடைபோல் விரிந்திருக்கும். உள்ளங்கையைவிடப் பெரிய இலைகள் கிளை நுனியில் கொத்தாக நிற்கும். அடர் சிவப்புக்கு இதை மிஞ்ச இங்கே வேறு மரம் இல்லை. இன்னொன்று பால்மரம், அதாவது ரப்பர் மரம். ஒரே காம்பில் மூன்று இலை, அடிமரத்தில் பால் வெட்டிய பழைய தழும்பு; இவற்றை வைத்து அடையாளம் காணலாம். மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு என்று மாறி முழுதும் உதிர்ந்தபின், செம்பு நிறத்தில் தளிர் விடும். கெத்தாபாங் ஆண்டுக்கு இருமுறைகூட இலை உதிர்க்கும் என்பதால் பிப்ரவரியில் தவறினாலும் பின்னர் வாய்ப்புண்டு. பால்மரத்தைத் தவறவிட்டால் பெரும்பாலும் அடுத்த ஆண்டுதான்.

தானா மேரா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்தோ, தெம்பனிஸிலிருந்து 29ஆம் எண் பேருந்தோ எடுத்து, காலை 7:30க்குள் சாங்கி வில்லேஜ் சேர்ந்துவிடுங்கள். முதலில் சாங்கி கடற்கரைப் பூங்கா. மரத்துக்கு நிலப்பக்கமாக நின்று, கிழக்கே சூரியனை நோக்கிப் பாருங்கள். ஒளி இலையை ஊடுருவி வரும்போதுதான் சிவப்பு எரியும். சூரியனை முதுகில் வைத்துப் பார்த்தால் அதே இலை மங்கிய பழுப்பாகத் தெரியும். கைப்பேசியில் படம் எடுப்பவர்கள் இலைமேல் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நிறம் வெளுத்துவிடும். 9:30க்குப் பிறகு வெயில் உச்சிக்கு ஏறும், அந்த அழகு போய்விடும்.

அப்போது பக்கத்துப் படகுத்துறைக்கு நடங்கள். உபின் தீவுக்குப் போகும் படகு 12 பேர் சேர்ந்ததும் புறப்படும். கட்டணத்துக்கு ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரப்பர் தோட்டங்களின் மிச்சம் தீவில் இன்னும் நிற்கிறது. தீவின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவா ஈரநிலம் வரை நடந்தால் ஒரு வழிக்கே சுமார் 3 கிலோமீட்டர். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொசு மருந்து, நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும். காய்ந்த இலைக்குவியல் வழுக்கும், கீழே வேரும் குழியும் தெரியாது. உணவைப் பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிடாதீர்கள். குரங்கும் காட்டுப்பன்றியும் அதைத் தேடித்தான் வரும்.

பலரும் ஏமாறுவது தளிரில். கறுவா இனத்து மரங்களும் வேலியாக நடப்படும் நாவல் இனச் செடிகளும் இளஞ்சிவப்பாகத் துளிர்க்கும்; அது முதிர்ந்த இலையின் நிறம் அல்ல. கிளை நுனியில் மென்மையாகத் தொங்கினால் தளிர். கொத்தின் வெளி வட்டத்தில், தடித்து, ஓரத்தில் புள்ளி விழுந்திருந்தால் உதிரப்போகும் இலை. ஒரு மரம் சிவந்திருக்க அடுத்தது பச்சையாகவே நிற்பதும் இயல்பு. ஒவ்வொரு மரத்துக்கும் அதனதன் கணக்கு. முதல் மரத்தைப் பார்த்துத் திரும்பிவிடாமல் அரை மணி நேரமாவது கரையோரம் நடந்து பாருங்கள்.

கிளையை உலுக்கவோ இலையைப் பறிக்கவோ வேண்டாம்.