நிரல் எழுதுமுன் ஓர் ஏ4 தாள்

வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ கணினி படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு யோசனை. வயற்காரருக்கு ஒரு கைபேசிச் செயலி செய்ய மடிக்கணினியைத் திறக்குமுன் ஓர் ஏ4 தாளை எடுங்கள். அகலத்தை மூன்றாகவும் நீளத்தை இரண்டாகவும் வெட்டினால் ஆறு துண்டுகள். ஒவ்வொன்றும் 70 மில்லிமீற்றர் அகலம், 148 உயரம். கைபேசியின் அளவு ஏறத்தாழ அதுதான். துண்டுக்கு ஒரு திரையாகப் பென்சிலால் வரையுங்கள். பொத்தான் 9 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது; ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்வதும் ஏறத்தாழ அதையே. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலுக்கு இன்னும் பெரிதாக இருந்தாலும் குற்றமில்லை.

ஊருக்கு வரும்போது அந்தத் துண்டுகளை வயற்காரரிடமே நீட்டுங்கள். "இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று இதில் பாருங்கள் ஐயா" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். (கடினமான பகுதி இதுதான்.) அவர் தொட்டதற்கு ஏற்பத் துண்டை மாற்றி வைப்பது மட்டுமே உங்கள் வேலை. 'சமர்ப்பி' என்ற பொத்தானைப் பார்த்து எங்கள் மாமி, "யாருக்கு, பிள்ளையாருக்கா?" என்றார். அழிறப்பரால் அழித்து 'அனுப்பு' என்று எழுதினேன்.

ஐந்து பேர் போதும். பயன்பாட்டுச் சிக்கல்களில் ஏறத்தாழ 85 வீதம் அதிலேயே வெளிப்படும் என்று 2000ஆம் ஆண்டில் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் கணக்கிட்டுக் காட்டினார். ஐவரும் விடுதி நண்பர்கள் என்றால் கணக்குச் செல்லாது. துண்டுகளை எறியாமல் திகதியிட்டுக் கொப்பியில் ஒட்டிவையுங்கள். அறிக்கை எழுதும்போது தேவைப்படும்.