பழைய கணக்கேட்டில் தமிழ் எண்களை வாசிப்பது எப்படி?

செட்டியார் தெருக் கடையொன்றின் பழைய பேரேடோ, வீட்டுப் பெட்டிக்குள் கிடந்த காணி உறுதியோ கைக்கு வந்தால், எழுத்தை எப்படியாவது வாசித்துவிடலாம். எண்ணில்தான் தடுக்கும். பன்னிரண்டு குறிகள் தெரிந்தால் அந்தத் தடையும் நீங்கிவிடும்.

௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯ என்பவை 1 முதல் 9 வரை. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். பழைய முறையில் பூச்சியம் கிடையாது.

௰, ௱, ௲ இவற்றுக்கு முன்னால் சிறிய எண் நின்றால் பெருக்குங்கள். பின்னால் நின்றால் கூட்டுங்கள். ௪௰ நாற்பது, ௰௪ பதினான்கு. மணிக்கூட்டில் உரோம இலக்கம் பார்த்துப் பழகியவர்கள் பிழைவிடுவது இங்கேதான். உரோம முறையில் முன்னால் நிற்கும் சிறியது கழிபடும். தமிழில் கழித்தலே இல்லை. வாயால் சொல்கிற ஒழுங்கிலேயே எழுத்தும் போகும்.

கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்ட 1877ஐ எடுங்கள்: ௲௮௱௭௰௭. ௲ ஆயிரம், ௮௱ எண்ணூறு, ௭௰ எழுபது, கடைசி ௭ வெறும் ஏழு. ௲க்கு முன்னால் ௧ போடுவதில்லை. 3005 என்றால் ௩௲௫, அவ்வளவுதான்.

பெரிய தொகையில் கவனம் வேண்டும். ௰௨௲ என்பது 2010 அல்ல, 12,000. ௲க்கு முன்னுள்ளதை முழுதாகச் சேர்த்து, பிறகே ஆயிரத்தால் பெருக்க வேண்டும். அதனால்தான் இலட்சம் ௱௲.

௧, ௨, ௭, ௮ நான்கும் க, உ, எ, அ போலவே இருக்கும். பக்கத்தின் தலையில் தனியே நிற்கும் உ பிள்ளையார் சுழி. அதை இரண்டென்று தொகையில் சேர்த்துவிடாதீர்கள். அருகில் ௹ (ரூபாய்), ௵ (வருடம்), ௴ (மாதம்), ௳ (நாள்) இருந்தால் அது எண்தான். எண்ணை ஒட்டி வரும் வ, கால்: ௹ ௩வ என்றால் மூன்றேகால் ரூபாய். கணினியில் படியெடுக்கும்போது எண்ணுக்குரிய ௧ஐயே இடுங்கள். க என்ற எழுத்தை இட்டால் பார்வைக்கு ஒன்றுதான், தேடும்போது அகப்படாது.

மை மங்கிய ஏட்டில் ௰உம் ௱உம் மாறிப்போகும். நிரலைக் கூட்டி அடித்தொகையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 90இன் மடங்காக வந்தால், முதலில் அந்த இரண்டு குறிகளையும் திரும்பப் பாருங்கள்.