தேதியையும் நேரத்தையும் நிரலில் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடிப் பகுதிக் கல்லூரி மாணவர்கள் ஜாவா நிரல்மொழியில் எழுதும் புராஜெக்ட் மாணவர் சேர்க்கையைப் பற்றியதாக இருந்தாலும், மருத்துவமனை முன்பதிவைப் பற்றியதாக இருந்தாலும், அதில் தேதி என்ற ஒன்று கட்டாயம் இடம்பெறும். உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு கணம், நாட்காட்டியில் உள்ள ஒரு நாள், ஓர் ஊரின் கடிகாரம் காட்டும் நேரம் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. இவற்றை ஒரே வகுப்பில், அதாவது ஒரு வகைத் தரவையும் அதன் செயல்களையும் வரையறுக்கும் ஒரே அச்சில், அடைப்பதே மற்ற தவறுகள் பலவற்றுக்கும் வேர் என்று நான் கருதுகிறேன்.

பிறந்த தேதியை எடுத்துக்கொள்வோம். ஆம்பூரில் 1998 ஜூன் 15 அன்று பிறந்த ஒருவரின் தேதியை ஜாவாவின் பழைய டேட் வகுப்பில் வைத்தால், அது நாளாக அல்லாமல், 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்படும் மில்லி விநாடிகளாகவே, அதாவது இந்திய நேரப்படி ஜூன் 15 நள்ளிரவு என்ற கணமாகவே சேமிக்கப்படுகிறது. இந்திய நேரம் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தை விட ஐந்தரை மணி நேரம் முந்தியது என்பதால், அதே கணம் யூடிசியில் ஜூன் 14 மாலை 6.30 ஆகும். நம் கணினியில் சரியாக ஓடிய நிரல், யூடிசியில் இயங்கும் கிளவுட் சர்வருக்குப் போனதும் சான்றிதழில் 14 என்று அச்சிடுவது இதனால்தான். பிறந்த நாளுக்கு நேர மண்டலமே தேவையில்லை. 2014இல் ஜாவா 8 உடன் வந்த லோக்கல்டேட் வகுப்பு அதற்காகவே உள்ளது. தரவுத்தளத்திலும் அதை, நேரமின்றி நாளை மட்டும் வைக்கும் டேட் வகை நெடுவரிசையிலேயே வைக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறு, எதையும் யூடிசிக்கு மாற்றிச் சேமித்தால் போதும் என்ற நம்பிக்கை. நடந்து முடிந்த நிகழ்வுக்கு, உதாரணமாகப் பணம் வரவான கணத்துக்கு, அது மிகச் சரி. ஒரு கணத்தைக் குறிக்கும் இன்ஸ்டன்ட் வகுப்பு அதற்குரியது. வரவிருக்கும் நிகழ்வுக்கு அது பொருந்தாது. ராணிப்பேட்டைத் தோல் நிறுவனம் ஒன்று ஜெர்மனியில் உள்ள வாடிக்கையாளருடன் திங்கள்தோறும் பெர்லின் நேரப்படி காலை 10 மணிக்குப் பேசுவதாகக் கொள்வோம். குளிர்காலத்தில் அது நமக்குப் பிற்பகல் 2.30, மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை முன்னகர்த்திய பிறகு 1.30. யூடிசியாக மட்டும் சேமித்த நிரல் கோடையிலும் 2.30 என்றே காட்டும். அதற்குள் வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் காத்திருந்திருப்பார். ஆகவே உள்ளூர் நேரத்தையும், ஐரோப்பா/பெர்லின் என்ற மண்டலப் பெயரையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும். யூடிசியிலிருந்து கூட்டல் ஒன்று, கூட்டல் இரண்டு என்ற இடைவெளி எண்ணை மட்டும் வைத்துக்கொள்வது போதாது.

வகுப்புகளையும் அவற்றிலிருந்து உருவாக்கும் பொருள்களையும் கொண்டு எழுதும் பொருள்நோக்கு நிரலாக்கத்துக்கே உரிய தவறு ஒன்றும் உண்டு. பழைய டேட் பொருளை உருவாக்கிய பிறகும் மாற்ற முடியும். ஆர்டர் என்ற வகுப்பு, தன் டெலிவரி தேதியை, உள்ளிருக்கும் மதிப்பைக் கேட்டால் தரும் கெட்டர் வழியாக அப்படியே வெளியே கொடுத்தால், அதை வாங்கிய வேறொரு மெத்தட் (செயல்பகுதி) ஏழு நாள் கூட்டும்போது ஆர்டருக்குள் இருக்கும் தேதியும் சத்தமின்றி மாறிவிடும். லோக்கல்டேட் போன்ற புதிய வகுப்புகளின் பொருள்களை மாற்ற முடியாது என்பதால் இந்தக் கேடு இல்லை. ஆனால் அவற்றில் நாள் கூட்டும் பிளஸ்டேஸ் மெத்தடை அழைத்துவிட்டு, அது திருப்பித் தரும் புதிய பொருளை எதிலும் வாங்கிக்கொள்ளாமல் விட்டால் எந்த மாற்றமும் நிகழாது. எந்தப் பிழைச் செய்தியும் வராது.

தேதியை எந்த வடிவில் காட்டுவது என்று சொல்லும் வடிவமைப்புக் குறியீட்டில் ஆண்டுக்குச் சிறிய ஒய் (y) எழுத்தையே பயன்படுத்துங்கள். பெரிய ஒய் வாரக்கணக்கின்படியான ஆண்டைக் குறிப்பதால், 2025 டிசம்பர் 31 என்பது 2026 டிசம்பர் 31 என்று வெளிவரும். மாதத் தவணைக் கணக்கில், லீப் அல்லாத ஆண்டில் ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28 வரும். அதிலிருந்து மீண்டும் கூட்டினால் மார்ச் 28தான் வரும். ஒவ்வொரு தவணையையும் முதல் தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும்.

வரலாற்றுத் தேதிகளில் கூடுதல் கவனம் வேண்டும். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்த 1806 ஜூலை 10ஐ ஆசியா/கொல்கத்தா மண்டலத்துடன் சேர்த்தால், கொல்கத்தாவின் அன்றைய உள்ளூர் நேரமான யூடிசியை விட 5 மணி 53 நிமிடம் 28 விநாடி முந்திய இடைவெளியை ஜாவா எடுத்துக்கொள்ளும். வேலூரின் சூரிய நேரம் அதிலிருந்து ஏறத்தாழ 37 நிமிடம் பின்தங்கியது. அங்கும் லோக்கல்டேட் மட்டுமே போதும்.

கடைசியாக, இன்றைய தேதியை வகுப்பின் உள்ளேயே நேரடியாகக் கேட்காதீர்கள். மண்டலம் குறிப்பிடாத லோக்கல்டேட்.நவ், யூடிசி சர்வரில் நம் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை நேற்றைய தேதியையே தரும். நேரத்தைத் தரும் கிளாக் வகுப்பின் பொருளை, பொருளை உருவாக்கும்போது இயங்கும் கன்ஸ்ட்ரக்டர் வழியாக உள்ளே அனுப்பினால், மண்டலமும் தெளிவாகும். வேண்டிய நேரத்தில் நிறுத்திய கிளாக்கைக் கொடுத்து, பிப்ரவரி 29ஐயும் ஆண்டின் கடைசி இரவையும் எந்த நாளிலும் சோதித்துப் பார்க்கலாம்.