மாசிப் பனியில் தொடங்கி, சித்திரை பிறப்பதற்குள் 5 கிலோமீட்டர்

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். மச்சு வீடுகள் நிறைந்த செட்டிநாட்டில் இந்தப் பழமொழிக்கு விளக்கம் தேவையில்லை. புதிதாக ஓட வருகிறவருக்கு அந்தப் பனிதான் துணை. ஆறு பருவங்களில் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்கிறோம். ஆனால் காரைக்குடிப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு இளவேனில் மாசியிலேயே வந்து பங்குனியோடு முடிந்துவிடும். சித்திரை பிறந்துவிட்டால் காலை ஏழரைக்கே முதுகு சுடும்.

மாசி பிறப்பதிலிருந்து சித்திரை பிறப்பது வரை ஏறக்குறைய எட்டரை வாரம். ஓடியே பழக்கமில்லாத ஒருவர் 5 கிலோமீட்டர் ஓடுவதற்கு இந்த நாட்கள் போதும். எங்கள் ஓட்டக் குழுவில் புதியவர்களை இந்தக் கணக்கில்தான் பழக்குகிறோம். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் தேவகோட்டையில் இருந்தாலும் பள்ளத்தூரில் இருந்தாலும், இரண்டு மூன்று பேர் சேர்ந்து அப்படியே செய்யலாம்.

படி 1: உடம்பும் ஷூவும்

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், நடக்கும்போது நெஞ்சு அடைக்கிற மாதிரி எப்போதாவது இருந்தவர்கள், முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். இதில் சமாதானம் வேண்டாம்.

ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள். பகல் முழுக்க நடந்து பாதம் கொஞ்சம் பெருத்திருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் பெருக்கும். நின்று பார்க்கும்போது விரல் நுனிக்கும் ஷூ நுனிக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். விலை அதிகமானது வேண்டும் என்பதில்லை. கடையிலேயே நாலு எட்டு ஓடிப் பாருங்கள், எங்கேயும் கடிக்கவில்லை என்றால் சரி.

படி 2: ஓடும் இடம்

இதில் நம் ஊர்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகள் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும்படி நீளமாகக் கட்டப்பட்டவை. அதனால் கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் தெருக்கள் கோடு போட்டதுபோல நேராக, குறுக்கும் நெடுக்குமாகப் போகும். ஒரு வீட்டு வரிசையைச் சுற்றி வந்தால் அது ஒரு சுற்று. முதல் மாதம் முழுக்க இப்படிச் சுற்றுக் கணக்கிலேயே ஓடுங்கள். எந்த நேரத்தில் முடியவில்லை என்றாலும் வீடு பக்கத்தில் இருக்கும். திரும்பி வர வேண்டிய தூரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். வேகமாக ஓடுகிறவரும் மெதுவாக ஓடுகிறவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குழுவாக ஓடுவதற்கு இதைவிட நல்ல அமைப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

ஊருணிக் கரையும் நல்ல இடம். செம்மண் பாதை தார்ச்சாலையைவிடக் காலுக்கு இதம். ஆனால் சரளை பெயர்ந்த இடங்களில் கணுக்கால் பிசகும். இருட்டில் அங்கே ஓடாதீர்கள். தார்ச்சாலையில் ஓட வேண்டியிருந்தால் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக ஓடுங்கள். வெளிர் நிறச் சட்டை போடுங்கள்.

படி 3: பேசிக்கொண்டே ஓடுவது

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். புதியவர்களில் பெரும்பாலானோர் ஓட்டத்தைப் பாதியில் விடுவதற்குச் சோம்பல் காரணம் இல்லை. அளவுக்கு மீறிய வேகம்தான் காரணம்.

வேகத்தை அளக்கக் கடிகாரம் தேவையில்லை. பக்கத்தில் ஓடுகிறவரிடம் பேச்சுக் கொடுங்கள். "அண்ணே, நேத்து ராத்திரி என்ன சாப்பாடு?" என்று கேட்டால், "நாலு இட்லி, கோசமல்லி, அப்புறம் ஒரு பழம்" என்று முழுதாகப் பதில் வர வேண்டும். "இட்லி..." என்று இழுத்து நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். உடனே குறையுங்கள். குறைத்தும் பேச வரவில்லையா, நடங்கள். நடப்பது தோல்வி இல்லை, அதுவும் பயிற்சியில் ஒரு பகுதிதான்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய் வந்த அண்ணன் ஒருவர், வந்த சூட்டோடு எங்களுடன் சேர்ந்தார். நாள் கணக்கில் நடந்த கால், மூச்சும் நன்றாக இருந்தது. முதல் நாளே 5 கிலோமீட்டரை ஒரே மூச்சில் ஓடிவிட்டார். எங்களுக்கும் சந்தோஷம், யாரும் தடுக்கவில்லை. இரண்டாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்து மூன்று வாரம் படியேற முடியாமல் இருந்தார். அவரைத் தடுக்காதது எங்கள் தவறு. நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது இரண்டு காலும் தரையை விட்டு எழும்பி, உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான விசை ஒரே காலில் இறங்கும். நெஞ்சும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு "போகலாம்" என்று சொன்னாலும் காலுக்காகக் காத்திருக்க வேண்டும்.

படி 4: எட்டு வாரக் கணக்கு

வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. நாங்கள் செவ்வாய், வியாழன், ஞாயிறு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு நாளும் முதல் 5 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் நடை.

முதல் இரண்டு வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. இப்படி 8 முறை.
மூன்றாவது, நான்காவது வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 7 முறை.
ஐந்தாவது வாரம்: 4 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 5 முறை.
ஆறாவது வாரம்: 6 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 4 முறை.
ஏழாவது வாரம்: 10 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 3 முறை.
எட்டாவது வாரம்: செவ்வாயும் வியாழனும் 20 நிமிடம் மெதுவான ஓட்டம் மட்டும். ஞாயிறு 5 கிலோமீட்டர்.

ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே இன்னொரு வாரம் செய்யுங்கள். முன்னால் தாவ வேண்டாம்.

மாசி, பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழா வரும். காப்புக் கட்டி விரதம் இருப்பவர்கள் அந்த நாட்களில் ஓட வேண்டாம், குழுவோடு வந்து நடந்தால் போதும். பால்குடம், காவடி வருகிற தெருக்களை நாங்களும் அன்றைக்கு விட்டுவிடுவோம்.

படி 5: வெயிலுக்குப் பழகுவது

மாசித் தொடக்கத்தில் ஆறரை மணிக்கு மேல்தான் சூரியன் உதிக்கும். சித்திரை பிறக்கும்போது ஆறு மணிக்கே உதித்துவிடும். அதனால் கிளம்பும் நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ள வேண்டும். நாங்கள் மாசியில் 6 மணிக்கும், பங்குனி நடுவிலிருந்து 5.30 மணிக்கும் கிளம்புகிறோம்.

உடம்பு சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். அந்த நாட்களில் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், அதில் போகும் உப்பு குறையும். பங்குனியில் திடீரென்று வெயில் ஏறும் வாரத்தில் அதே வேகம் கனமாகத் தெரியும். உங்களுக்குத் திறமை குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த வாரம் வேகத்தைக் குறைத்துவிடுங்கள், இரண்டு வாரத்தில் உடம்பே சரிசெய்துகொள்ளும்.

தலைசுற்றல், குமட்டல், வெயிலிலும் உடம்பு சிலிர்ப்பது, இதில் எது வந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி நிழலில் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர் தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒருவர் பேச்சுக் குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாலோ அது சாதாரண மயக்கம் இல்லை. உடனே 108ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

படி 6: தண்ணீர், சாப்பாடு

கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர், பசித்தால் ஒரு வாழைப்பழம். காபி குடித்துப் பழகியவர்கள் குடிக்கலாம். அரை மணி நேர ஓட்டத்துக்கு வேறு எதுவும் வேண்டாம். முடித்த பிறகு உப்புப் போட்ட நீர்மோரோ நீராகாரமோ குடியுங்கள். வியர்வையில் போன நீரும் உப்பும் சேர்ந்தே திரும்பி வரும். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பது நல்லதில்லை, ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும்.

படி 7: நாய்கள்

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் திண்ணைகளில் நாய்கள் படுத்திருக்கும். துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, கண்ணைப் பார்க்காமல், மெதுவாக நடந்து கடந்துவிடுங்கள். கடித்தாலோ கீறினாலோ, காயம் சின்னதாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போடுங்கள்.

படி 8: குழுவை நடத்துவது

குழு ஆரம்பிக்க நாலு பேர் போதும். கூடும் இடமும் நேரமும் மாறக் கூடாது. எங்களுக்கு ஊருணிப் படிக்கட்டு. மழை பெய்தாலும் ஒருவராவது அங்கே நிற்போம், புதிதாக வருகிறவர் ஆளில்லாமல் திரும்பிப் போகக் கூடாது.

ஒவ்வொரு நாளும் பழைய ஆள் ஒருவர் "கடைசி ஆள்" பொறுப்பை எடுத்துக்கொள்வார். எவ்வளவு மெதுவாகப் போனாலும் அவர் யாரையும் முந்த மாட்டார். இந்த ஒரு ஏற்பாடு வந்த பிறகுதான் எங்கள் குழுவில் பெண்கள் தொடர்ந்து வரத் தொடங்கினார்கள். 61 வயது ஆச்சி ஒருவர் முதல் நாள், "நான் வந்தா ஒங்களுக்கெல்லாம் தாமதமாகுமே" என்று தயங்கினார். "ஆச்சி, நீங்க வர்ற நேரந்தான் எங்க நேரம்" என்றான் அன்றைக்குக் கடைசி ஆளாக இருந்த கல்லூரிப் பையன். நான்காவது வாரத்தில் அவர் தன் மருமகளையும் அழைத்து வந்தார்.

எட்டாவது வார ஞாயிறு, 5 கிலோமீட்டருக்கு யாரும் நேரம் குறிப்பதில்லை. 40 நிமிடமானாலும் 50 நிமிடமானாலும், நடுவில் நடந்தாலும் பரவாயில்லை. முடித்தவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்போம். கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் மோர்ப் பானை திறக்கும். அப்புறம் சித்திரைக்கான ஏற்பாட்டைப் பேசுவோம்: 5 மணிக்குக் கிளம்புவது, வாரத்தில் மூன்று நாளை இரண்டாக்குவது, ஆளுக்கொரு டார்ச் கொண்டு வருவது.